டிராவல் மக்கில் சோப்பு வாடையா? மூடியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக டிராவல் மக் வாங்கியவர்கள் சொல்லும் முதல் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லாத்தான் கழுவுறேன், ஆனா காப்பியில சோப்பு வாடை வருது." மக் கெட்டுவிட்டது என்று நினைத்து அலமாரியில் தூக்கிப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதற்குத் தேவையே இல்லை. ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் வெயிலில் உலர்த்தி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்று ஸ்பூன் சமையல் சோடா, அரை மூடி எலுமிச்சம்பழம், கொஞ்சம் சுடுதண்ணீர், இவ்வளவுதான் செலவு.

ஆனால் எங்கே வாடை இருக்கிறது என்று பார்க்காமல் கழுவ ஆரம்பித்தால் எத்தனை தடவை கழுவினாலும் போகாது. எல்லாரும் பாட்டிலின் உட்புறத்தைத்தான் போட்டுத் தேய்க்கிறார்கள். வாடை இருப்பதோ மூடியில்.

வீட்டில் டவரா செட்டில் குடிக்கும்போது இந்தத் தொல்லை ஏன் வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். டவராவுக்கும் டம்ளருக்கும் வாய் அகலம். மூட்டு, இடுக்கு, ரப்பர் எதுவும் கிடையாது. ஒரு தடவை தண்ணீர் ஊற்றிச் சுழற்றினால் சோப்பு மொத்தமும் போய்விடும். டிராவல் மக் அப்படியில்லை. மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம், குடிக்கிற துளை, துளையை மூடும் சின்னத் தட்டு, சிலவற்றில் அழுத்தினால் திறக்கும் ஸ்பிரிங் வேறு. ஒவ்வொரு இடுக்கிலும் சோப்பு தங்கும். அதற்கு மேல், சூடான காப்பியை ஊற்றி மூடி வைக்கிறோம். உள்ளே அடைபட்ட ஆவியோடு வாடையும் சேர்ந்து, மூக்குக்குக் கீழே இருக்கிற துளை வழியாக வருகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கெட்டி டிகாக்ஷனும் தண்ணீர் கலக்காத பாலுமாகக் குடித்துப் பழகியவர்களுக்கு இது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

எவர்சில்வர் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. நல்ல மக்கின் உட்புறம் 304 ரக எவர்சில்வர். சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்தது. அது வாசனையை உறிஞ்சாது. மூடியின் கேஸ்கட், அதாவது அடியில் இருக்கிற அந்த ரப்பர் வளையம், பெரும்பாலும் சிலிகானால் ஆனது. பாத்திரம் தேய்க்கும் சோப்பில் சேர்க்கும் எலுமிச்சை வாசனை எண்ணெய்த் தன்மை உள்ள பொருள். சிலிகான் அதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசினால் அது வெளியே வராது. சூடு பட்டால்தான் வரும். குழாயடியில் மோந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாமல், காப்பி ஊற்றியதும் வாடை கிளம்புவது இதனால்தான்.

வாடை எங்கே என்று முதலில் பாருங்கள்

காப்பியை வைத்துச் சோதிக்காதீர்கள். வெறும் சுடுதண்ணீர் போதும், அதில்தான் துல்லியமாகத் தெரியும். கொதிக்க வைத்த குடிதண்ணீரை மக்கில் ஊற்றி, மூடியைப் போடாமல், மேலே ஒரு சின்னத் தட்டை வைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். அதை ஒரு சாதா டம்ளரில் ஊற்றி, குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வாடை இல்லையென்றால் உட்புறம் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, கேஸ்கட்டை மூடியிலிருந்து கழற்றி ஒரு டம்ளரிலும், மூடியை இன்னொரு கிண்ணத்திலும் போட்டு, இரண்டிலும் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிஷம் கழித்து இரண்டையும் மோந்து பாருங்கள். எதில் வாடை தூக்கலாக இருக்கிறதோ அங்கேதான் வேலை. அனேகமாக அது கேஸ்கட்டாகத்தான் இருக்கும்.

இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேரே சோடாவில் ஊறவைக்கப் போகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அரை மணி நேர வேலைதான், அப்புறம் செய்கிற எல்லாவற்றையும் இது பாதியாகக் குறைத்துவிடும்.

சோப்பா, பழைய பாலா?

இது பலருக்குத் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோப்பு போலச் சுவை வந்தால் அது சோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாலில் உள்ள கொழுப்பு சிதையும்போது கொழுப்பு அமிலங்கள் பிரிந்து வரும். அவற்றின் சுவை அப்படியே சவுக்காரம் போல இருக்கும். பாலைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்களும் இந்தக் கோளாறைச் சோப்புச் சுவை என்றே சொல்வார்கள். நாள்பட்ட கொப்பரையைக் கடித்தால் நாக்கில் படுமே ஒரு சுவை, அதே இனம்தான் இதுவும்.

நம் பக்கத்தில் மக்கில் ஊற்றுவது பால் காப்பிதான். கும்பகோணத்தில் சோழன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர் மக்கைக் காலி செய்துவிட்டுப் பையில் போட்டால், எழும்பூர் போய் இறங்கி, தங்குமிடம் சேர்ந்து அதைக் கழுவுவதற்குள் அரைநாளுக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் கேஸ்கட் பள்ளத்தில் இறங்கிய பால் காய்ந்து படலமாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் மேலோட்டமாகக் கழுவி மறுபடியும் காப்பி ஊற்றினால் அந்தப் படலம் சூட்டில் இளகும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். கேஸ்கட்டைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த பள்ளத்தை ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு போலப் பொடிந்து வந்தால் அது சோப்பு. சோப்புக் கட்டியில் தேய்ப்பதற்காகச் சேர்க்கும் பொடி அங்கே போய் அடைந்துகொள்ளும். பழுப்பாக, பிசுக்காகக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது பாலும் காப்பியும். விரலில் தேய்த்து மோந்து பார்த்தால் லேசாகப் புளித்த வாடையும் அடிக்கும்.

சோப்பு என்றால் இனி சோப்பைக் குறைக்க வேண்டும். பால் என்றால் சோப்பு போட்டு இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும். வைத்தியம் நேர் எதிர். சோப்பு வாடைக்குப் பயந்து வெறும் தண்ணீரில் மட்டும் அலசிக்கொண்டே வருகிறவர்களின் மக்கில் வாடை நாளுக்கு நாள் கூடுவது இதனால்தான்.

கேஸ்கட்டைக் கழற்றுவது

குக்கர் கேஸ்கட்டைக் கழற்றத் தெரிந்தவருக்கு இது புதிதில்லை, அளவுதான் சின்னது. கத்தியோ ஊசியோ வேண்டாம். கீறல் விழுந்தால் அப்புறம் அங்கேயே ஒழுகும். ஸ்பூனின் காம்பு முனையை வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே மெல்ல நுழைத்து ஒரு பக்கமாக நெம்பினால் எழும்பி வரும். எழும்பிய இடத்தை விரலால் பிடித்துச் சுற்றிலும் உருவிவிடலாம். கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வளையங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் விளிம்பு இருக்கும்; தலைகீழாகப் போட்டால் மூடி இறுகாது.

குடிக்கிற துளையை மூடும் தட்டு கழன்று வருமா என்றும் பாருங்கள். பல மக்கில் அதற்கு அடியிலும் ஒரு குட்டி வளையம் இருக்கும். வாங்கி ஒரு வருஷம் ஆகியும் அது இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. கழற்ற வராத ஸ்பிரிங் மூடியைப் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம், அப்படியே ஊறவைக்கலாம்.

சோடாவில் ஊறவைத்தல்

மளிகைக் கடையில் சமையல் சோடா, ஆப்ப சோடா என்று கேட்டு வாங்குங்கள். சலவை சோடா வேறு. அது காரம் அதிகம், இந்த வேலைக்கு வேண்டாம். பேக்கிங் பவுடரும் இது இல்லை. அதில் மாவும் புளிப்புப் பொருளும் கலந்திருக்கும்.

கேஸ்கட்டுக்குத் தனி வைத்தியம். ஒரு சின்னப் பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, கொதி வந்ததும் கேஸ்கட்டை அதில் போட்டு ஐந்து முதல் பத்து நிமிஷம் மெல்லிய தீயில் கொதிக்க விடுங்கள். சிலிகானுக்குக் கொதிதண்ணீர் ஒன்றும் செய்யாது. தண்ணீரிலிருந்து எலுமிச்சை சோப்பு வாசனை கிளம்பி வருவதை மூக்கே சொல்லும். வாசனை தூக்கலாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்க விடுங்கள். பழைய தண்ணீரிலேயே போட்டு வைத்தால் வெளியே வந்த வாசனை மறுபடி உள்ளே ஏறும்.

மூடியைக் கொதிக்க வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடலாம். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்பூன் சோடா கரைத்து, மூடி முழுதும் மூழ்கும்படி ஒரு கிண்ணத்தில் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். துளைப் பக்கத்தைத் தண்ணீருக்குள் வைத்தே ஒன்றிரண்டு தடவை திறந்து மூடினால் உள்ளே நிற்கும் காற்று வெளியேறி, சோடாத் தண்ணீர் இடுக்குக்குள் போகும்.

மக்கின் உட்புறத்துக்கு ஒரு ஸ்பூன் சோடா போட்டுச் சுடுதண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விட்டால் போதும். இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: சுடுதண்ணீரும் சோடாவும் உள்ளே இருக்கும்போது மூடியை இறுக்கி மூடவே கூடாது. சூட்டில் சோடாவிலிருந்து வாயு வரும். அழுத்தம் ஏறி, மூடியைத் திறக்கும்போது தண்ணீர் முகத்தில் தெறிக்கும். குலுக்கிக் கழுவுகிற பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கை வெளிப்பக்கமும் சேர்த்து அண்டாவில் முக்கி வைக்கவும் வேண்டாம். இரண்டு சுவருக்கும் நடுவே காற்றில்லாத வெற்றிடம் இருப்பதால்தான் சூடு நிற்கிறது. அடிப்பாகத்து மூட்டில் விரிசல் இருந்தால் தண்ணீர் அதில் புகுந்துவிடும்.

அடுத்து எலுமிச்சை

சோடாவையும் எலுமிச்சையையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி வரும், பார்க்க ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் ஒன்று இன்னொன்றை அடித்துவிடும். இரண்டின் பலனும் கிடைக்காது. முதலில் சோடா, அதை நன்றாக அலசிய பிறகு எலுமிச்சை, இதுதான் வரிசை.

எலுமிச்சை ஏன் வேண்டும்? சோடா ஒரு காரப்பொருள். சரியாக அலசாவிட்டால் அதுவே வழவழப்பாக, சவுக்காரம் போன்ற சுவையை விட்டுவைக்கும். கடைசியில் ஒரு புளிப்பு அலசல் கொடுத்தால் மிச்சமிருக்கும் காரம் அடங்கிவிடும். உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவமும் இதில் கரையும்.

அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வடிகட்டி, மக் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து இருபது நிமிஷம் விடுங்கள். பழம் இல்லையென்றால் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும், அரை ஸ்பூன் போதும். மூடிக்கும் கேஸ்கட்டுக்கும் அதே தண்ணீரையே ஊற்றிக்கொள்ளலாம். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

தண்ணீர் எந்தத் தண்ணீர்?

காவிரி டெல்டாவில் ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அங்கே குடிதண்ணீரே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. அடுப்பில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் அலசிய மக்கில் துளி காயும் இடமெல்லாம் சொரசொரப்பான புள்ளி விழும், அதில் சோப்பும் பாலும் சுலபமாக ஒட்டும். இப்படிப்பட்ட வீட்டில் தேய்ப்பதைப் போர் தண்ணீரில் செய்தாலும், கடைசி அலசலை மட்டுமாவது குடிதண்ணீரில் செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர்தான் செலவாகும். முடிந்தால் அது சுடுதண்ணீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை அலசுவதைவிடச் சுடுதண்ணீரில் ஒரு தடவை அலசுவது மேல்.

வெயில்

கழற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக, ஒரு சுத்தமான துணியில் காயப் போடுங்கள். கேஸ்கட்டுக்கு நல்ல வெயில் ஒரு பகல் கிடைத்தால் மிச்சம் மீதி வாசனையும் பறந்துவிடும். மூடிக்குக் காலை வெயில் போதும், நாள் முழுக்க வறுக்க வேண்டாம். மக்கைத் தரையில் அப்படியே கவிழ்க்காமல், காற்று போகிற மாதிரிச் சாய்த்து வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது? ஃபேன் காற்றில் காயவைத்து, ராத்திரி மக்கில் இரண்டு ஸ்பூன் உலர்ந்த காப்பிச் சக்கையைப் போட்டு, கழற்றிய கேஸ்கட்டையும் அதிலேயே போட்டு வையுங்கள். ஃபில்டரில் இறங்கி முடிந்த சக்கையை ஒரு தட்டில் பரப்பினால் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஈரமாகப் போட்டால் பூசணம் பிடிக்கும். சக்கை வாடையை முழுசாக எடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிச்சமிருப்பதைத் தணிக்கும். அதன் வாசனை ஒட்டினாலும் காப்பிக்குப் பொருந்தாததா என்ன?

செய்யக்கூடாதவை சில

குத்துவிளக்கு துலக்குகிற மாதிரிப் புளியும் உப்பும் போட்டு ஊறவைக்காதீர்கள். நாச்சியார்கோவில் விளக்குக்கும் பித்தளை டவராவுக்கும் அது சரி. எவர்சில்வரில் உப்பும் புளிப்பும் நேரம் போகத் தங்கினால் ஊசிமுனை அளவில் குழி விழும், அந்தக் குழியில் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும். பிளீச்சிங் பவுடரும் அதே மாதிரிதான். கம்பி நாரும் வேண்டாம். பாட்டில் பிரஷ் போதும். வாடையை அடக்குகிறேன் என்று ஏலக்காய், கிராம்பு போட்டு மூடி வைத்தால் கேஸ்கட்டில் அந்த வாசனையும் ஏறி, இரண்டு வாடையாகிவிடும்.

இனி தினமும் கழுவும் முறை

சோப்புக் கட்டியில் நாரைத் தேய்த்து நேரே மக்குக்குள் விடுவதுதான் முக்கால்வாசித் தொல்லைக்குக் காரணம். அதற்குப் பதிலாக, ஒரு கிண்ணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கரைத்து, அந்தத் தண்ணீரில் பிரஷை முக்கித் தேயுங்கள். வாசனை அதிகமில்லாத லிக்விட் கிடைத்தால் நல்லது. மூடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். கேஸ்கட் வாசனையை இழுப்பது அந்த நேரத்தில்தான். தேய்த்த கையோடு அலசிவிடுங்கள். பால் காப்பி ஊற்றுகிறவர்கள் தினமும் கேஸ்கட்டைக் கழற்றியே கழுவ வேண்டும். டிகாக்ஷன் மட்டும் கொண்டு போய், போகிற இடத்தில் பால் சேர்த்துக்கொள்கிறவர்கள் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றினால் போதும்.

பயணத்தில் காப்பி தீர்ந்ததும் பாட்டில் தண்ணீரில் இரண்டு வாய் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள், குடிக்கிற துளை வழியாகவும் கொஞ்சம் ஓடட்டும். பால் காயாமல் இருந்தால் வீட்டுக்குப் போய்க் கழுவும் வேலை பாதியாகிவிடும். பஸ்ஸோ ரயிலோ, கழுவாத மக்கை இறுக்கி மூடிப் பையில் போடாதீர்கள். மூடியைத் தளர்த்தி, நிமிர்த்தி வையுங்கள். கழுவிக் காய்ந்த பிறகும் வீட்டில் மூடியைத் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து, மறுபடி சுடுதண்ணீர் சோதனை வைத்தும் கேஸ்கட்டிலேயே வாடை நிற்கிறது, அல்லது அது கருத்து, தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். மக்கின் பெயரையும் கொள்ளளவையும் சொல்லி அந்தக் கம்பெனியிடமே தனி கேஸ்கட் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் பழையதை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போய் அளவு வைத்துப் பாருங்கள். சிலிகான்தானா, உணவுக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள். புதுக் கேஸ்கட்டையும் ஒருமுறை வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்துவிட்டு மாட்டுங்கள். மாட்டியதும் பச்சைத் தண்ணீர் நிரப்பி, மூடி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால் அடுத்த நாள் காப்பி ஊற்றலாம்.